பாடசாலைக்குள் பாகுபாட்டை ஆய்வு செய்வது எப்படி: யாழ்ப்பாணத்து இடைநிலை வகுப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

புதிதாக இந்த ஆய்வில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். தலைப்புக் கிடைத்த கையோடு வினாக்கொத்தை அச்சடித்துக்கொண்டு தரம் 10 வகுப்பறைக்குள் போய்விடுகிறார்கள். "உங்கள் பாடசாலையில் இன, சாதிப் பாகுபாடு உண்டா?" என்று கேட்டால் வகுப்பே "இல்லை" என்று அடையாளமிட்டுத் தந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கிறார், வகுப்பாசிரியர் வாசலில் நிற்கிறார். வேறு என்ன பதில் வரும்? அந்த "இல்லை"யை நம்பி எழுதும் அறிக்கை, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நாம் செய்கிற இரண்டாவது அநியாயம்.

இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் பாதுகாப்பு, பிறகு காகிதங்கள், பிறகு இடம், பிறகு பெரியவர்கள், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பிள்ளைகள். பட்டப்படிப்பு ஆய்வு செய்பவர், செயல்நிலை ஆய்வு செய்யும் ஆசிரியர், சமூக அமைப்பில் வேலை செய்பவர் என எல்லோருக்கும் இதே வரிசைதான்.

1. கேள்வியை ஒரு கைப்பிடிக்குள் கொண்டுவாருங்கள்

"யாழ்ப்பாணப் பாடசாலைகளில் பாகுபாடு: ஓர் ஆய்வு" என்ற தலைப்பு எதையும் பிடிக்காது. இங்கே பாகுபாடு ஒரு முகத்தோடு வருவதில்லை. குறைந்தது நான்கு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

தமிழருக்குள்ளே சாதி. 1990 ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். மலையகத்திலிருந்து வன்னியில் குடியேறி, அங்கிருந்து குடாநாட்டுக்கு வந்தவர்கள். நான்காவது இடம் சார்ந்தது: தீவகம், வன்னி, வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நலன்புரி முகாம்களில் வளர்ந்தவர்கள்.

இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதற்குள் பாடசாலை வாழ்க்கையின் ஒரு களத்தையும் தெரிவு செய்யுங்கள்: அனுமதி, இருக்கை, பதவிகள், தண்டனை, சமய பாடவேளை, விழாக்கள். "மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள், யாழ்ப்பாண வலயத்தின் முஸ்லிம் அல்லாத பாடசாலைகளில் தரம் 10, 11 இல் சமய பாடவேளையை எங்கே, எப்படிக் கழிக்கிறார்கள்?" என்பது பதில் சொல்லக்கூடிய கேள்வி.

"சாதி எப்படி இனப்பாகுபாட்டில் அடங்கும்?" என்று மேற்பார்வையாளர் நிச்சயம் கேட்பார். இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயம் "வம்சாவளி" என்பதையும் ஓர் அடிப்படையாகச் சொல்கிறது. அதில் சாதியும் அடங்கும் என்று அந்தச் சமவாயத்தின் குழு 2002 இல் தனது 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. இலங்கை 1982 இல் இச்சமவாயத்தில் இணைந்தது. நமது அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையோ இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் என்று வரிசையாகவே சொல்கிறது. "பிறப்பிடம்" அதில் இருப்பதால் தீவகப் பிள்ளையின் அனுபவமும் ஆய்வுக்குள் வரும். வரைவிலக்கணத்தை இந்த இரண்டிலிருந்தும் எடுங்கள். சொந்தமாக ஒன்றை உருவாக்கினால் கடைசி அத்தியாயம் வரை அதற்காக வாதாட வேண்டியிருக்கும்.

2. முதலில் கையில் இருக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம். உங்கள் பீடத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் அதனிடம், இல்லாவிட்டால் உங்கள் துறை ஏற்கும் வேறொரு குழுவிடம். 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு பேசும் ஆய்வுக்கு அங்கீகாரம் சுணங்கித்தான் வரும். இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள்.

தகவல், ஒப்புதல் படிவங்கள்: பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. பிள்ளையின் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வெளிக்களக் கொப்பி. இணையத்தோடு இணையாத ஒலிப்பதிவுக் கருவி. போனில் பதிந்தால் ஒலி தானாகவே மேகக் கணக்குக்குப் போய்விடக்கூடும். கடவுச்சொல் இட்ட ஒரு பென் டிரைவ். பெயர்களுக்கும் குறியீடுகளுக்குமான திறவுப் பட்டியலுக்கு வேறொரு கொப்பி. அது ஒருநாளும் பதிவுகள் இருக்கும் பையில் இருக்கக்கூடாது.

இன்னொன்றும் வேண்டும். "தம்பி, நீங்கள் எவடம்?" என்ற கேள்விக்கு ஒரு பதில்.

யாழ்ப்பாணத்தில் ஆய்வாளரையும் ஆட்கள் அளந்து பார்க்கிறார்கள். ஊர் கேட்பார்கள், பிறகு எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, தகப்பனார் என்ன செய்கிறவர். நான்காவது கேள்வியோடு உங்கள் சாதியைக் கணித்துவிட்டு, அதற்கேற்ற பதிலைத்தான் தருவார்கள். மறைத்தால் சந்தேகம் வரும், முழுதாகச் சொன்னால் பதில் வளையும். ஊரைச் சொல்லி, பல்கலைக்கழகத்தையோ வேலைத்தலத்தையோ சொல்லி, அடுத்த கேள்விக்கு முன் விடயத்துக்குத் திரும்பப் பழகுங்கள். யார் எத்தனை கேள்வி வரை போனார்கள் என்பதைக் கொப்பியில் குறியுங்கள். அதுவும் தரவுதான். முடியுமானால் வெவ்வேறு பின்னணியுள்ள இருவர் களத்துக்குப் போங்கள். ஒரே அதிபர் இருவருக்கும் இரண்டு கதை சொல்லக்கூடும்.

3. அனுமதி மேலிருந்து கீழே வரட்டும்

தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் வட மாகாணக் கல்விப் பணிப்பாளர், அவருடைய கடிதத்தோடு வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு அதிபர். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள். இரண்டு வலயத்தில் ஆய்வென்றால் இரண்டு கடிதம் வேண்டும்.

தெரிந்த அதிபர் என்று நேரே போகாதீர்கள். அவர் மனமுவந்து விடுவார். ஆனால் முறைப்பாடு ஒன்று வந்தால் சிக்குவது அவரும், உங்களோடு பேசிய பிள்ளைகளும்தான்.

கடிதத்தில் நோக்கத்தை ஒளிக்க வேண்டாம். "மாணவர் மனப்பாங்கு" என்று பொத்தாம்பொதுவாக எழுதி உள்ளே போய்ச் சாதி கேட்பது ஏமாற்று. ஒருமுறை அப்படி நடந்தால் அந்த வலயத்தின் கதவு பின்னால் வருகிற எல்லோருக்கும் சாத்தப்படும். "சம வாய்ப்பு, பாகுபாடு பற்றிய மாணவர் அனுபவம்" என்று நேராக எழுதி, பாடசாலையின் பெயர் வெளிவராது என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். அந்த அடுத்த வரிதான் கையெழுத்தைப் பெற்றுத் தரும்.

"எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடி ஒண்டும் இல்லை" என்று அதிபர் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். சொன்ன திகதியோடு எழுதி வையுங்கள்.

4. ஒரு பிள்ளை வாய்விட்டு அழுதால் என்ன செய்வீர்கள்?

இதை முன்கூட்டியே எழுத்தில் வைத்திருக்காமல் எந்தப் பிள்ளையோடும் பேசக்கூடாது. பெயர் சொல்லி இழிவுபடுத்தியது பற்றிக் கேட்கப் போனால் அடி, உதை, பாலியல் தொந்தரவு என்று வேறு கதைகளும் வெளியே வரும்.

ஒரு பக்கத்தில் மூன்று நிலைகளை எழுதுங்கள். மனவருத்தம் மட்டும் என்றால் பேச்சை நிறுத்தி, பிள்ளை விரும்பினால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ, பிள்ளை நம்பும் வேறொரு பெரியவரிடமோ கொண்டுபோய் விடுவது. துன்புறுத்தல் தொடர்கிறது என்றால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர். உடனடி ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உமக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லுவேன், முதலில் உம்மிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவேன்" என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். பாதியில் வாக்கை மீறுவது, அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாமல் ஆக்கிவிடும்.

5. காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்

காகிதம் யாரையும் நோகடிக்காது. பொய் சொல்லும்போதும் ஒரே மாதிரித்தான் சொல்லும். அதனால் முதல் ஒரு மாதம் இதற்கே.

சேர்விடாப்பில் (அனுமதிப் பதிவேட்டில்) முகவரி, சமயம், முன்னைய பாடசாலை ஆகியவற்றைப் பார்க்கலாம். விடுகைப் பத்திரம் பெற்றுப் போனவர்கள் எந்தத் தரத்தில், எந்த ஊருக்குப் போனார்கள் என்று பாருங்கள். மாணவர் தலைவர் பட்டியல், இல்லத் தலைவர்கள், பரிசளிப்பு விழா மலர்கள், துப்புரவு முறை அட்டவணை, நேரசூசி. சம்பவத்திரட்டுப் புத்தகத்தை அதிபர் காட்டமாட்டார். வற்புறுத்த வேண்டாம்.

பெயரைப் பார்த்துச் சாதியைக் கணிக்க முயலாதீர்கள். நமது பெயர்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வருபவை, அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. தெரிந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டி "இதில் யார் யார் அந்த ஆக்கள்?" என்று கேட்பது இந்த ஆய்வின் மிகப் பெரிய குற்றம். பாகுபாடு இயங்கும் பொறியையே நீங்கள் கையில் எடுத்துச் சுழற்றுகிறீர்கள். அந்தப் பட்டியல் ஆசிரியர் ஓய்வறையில் மாலைக்குள் பேச்சாகிவிடும். சாதி அடையாளம், வயது வந்த ஒருவர் தானாகச் சொன்னால் மட்டுமே பதியப்பட வேண்டும்.

நேரசூசியை மட்டும் சற்று நிதானமாகப் பாருங்கள். சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். ஒரு பாடசாலையில் இஸ்லாம் கற்பிக்க ஆசிரியர் இல்லை என்றால், கிழமையில் அத்தனை பாடவேளைக்கும் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? நூலகத்திலா, பின்வாங்கிலா, வெளியில் மரத்தடியிலா, சைவநெறி வகுப்பிலேயே இருந்து கேட்டுக்கொண்டா? சாதாரண தரத்துக்கு யார் படிப்பிக்கிறார்கள், ரியூசனுக்குக் காசு யார் கட்டுகிறார்கள்? எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாத, எவரும் பொறுப்பெடுக்காத பாகுபாடு இப்படித்தான் நேரசூசியின் ஒரு வெற்றுக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நத்தார் கொண்டாடும் பிள்ளை பற்றியும் நேரசூசியிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஒப்பிட ஒன்று கிடைக்கும்.

வலய அளவிலான எண்கள் தேவையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2016 இன் 12ஆம் இலக்கம்) கீழ் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தனிநபர் விபரம் கேட்டால் மறுப்பார்கள். "1ஏபி, 1சி, வகை 2 பாடசாலைகளில், கடந்த ஐந்து ஆண்டுகளில், தரம் 6 அனுமதி, சமய வாரியாக" என்று தொகுத்த எண்ணாகக் கேளுங்கள் (1ஏபி என்பது உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பாடசாலை, 1சி உயர்தரக் கலை, வர்த்தகப் பிரிவுகள் உள்ளது, வகை 2 தரம் 11 வரை உள்ளது). மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்.

6. பேசாமல் ஒரு கிழமை பாருங்கள்

ஒரே வகுப்பு, ஐந்து நாட்கள். முதலாம் பாடவேளைக்கு முன் ஒரு தடவை, இடைவேளை முடிந்த பின் ஒரு தடவை இருக்கைப் படம் வரையுங்கள். பெயருக்குப் பதில் இருக்கை இலக்கம். ஆசிரியர் இருத்தியதா, பிள்ளைகள் தாங்களாக இருந்ததா என்பதை மேலே எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் படம் ஒன்றும் சொல்லாது. ஆசிரியர் உயரப்படி இருத்திய வகுப்பில் பாகுபாடு தெரியாது, இடைவேளைக்குப் பிறகு தெரியும்.

தண்ணீர்ப் போத்தலைக் கவனியுங்கள். யாருடையது யார் கையில் போகிறது, யார் வாய் வைத்துக் குடிக்கிறார்கள், யார் அண்ணாந்து குடிக்கிறார்கள், யாருக்கு நீட்டப்படவே இல்லை. மலசலகூடம் கழுவ யார் அனுப்பப்படுகிறார்கள், ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று முறை அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

ஆசிரியரின் வாயையும் கவனியுங்கள். நமது பேச்சில் "நீங்கள்", "நீர்", "நீ", "எடேய்" என்று படிகள் உண்டு. ஒரு பாடவேளையில் எந்த இருக்கை இலக்கத்துக்கு எந்த விளிப்பு விழுந்தது என்று நான்கு நிரல்களில் கோடு போடுங்கள். 40 நிமிடத்தில் தாள் நிறைந்துவிடும். ஒரு பிள்ளைக்கு "நீர் சொல்லும்", இன்னொன்றுக்கு "நீ எழும்படா" என்று ஐந்து நாளும் விழுந்தால் அது வெறும் பழக்கமாக இராது. அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம். குழப்படி செய்பவனுக்கும் "எடேய்" விழும். எந்தச் சந்தர்ப்பத்தில் விழுந்தது என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதுங்கள்.

நவராத்திரிக் காலத்து வாணி விழா, இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா ஆகிய மூன்றும் வகுப்பறையை விட அதிகம் காட்டும். பிரசாதம் செய்பவர் யார், கும்பம் வைப்பவர் யார், கதிரை அடுக்குபவர் யார், வரவேற்பில் பன்னீர் தெளிப்பவர் யார்.

7. பெரியவர்களோடு பேசுங்கள், முதலில் படித்து முடித்தவர்களோடு

18 முதல் 25 வயது வரை உள்ள பழைய மாணவர்களே மிகச் சிறந்த தொடக்கம். அவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை. வகுப்பாசிரியர் புள்ளியைக் குறைப்பார் என்ற பயமும் இல்லை. நினைவும் புதிதாக இருக்கும். முதல் தடவை ஆய்வு செய்பவர் இவர்களோடு மட்டும் நின்றுவிடுவதே நல்லது என்பது எமது உறுதியான கருத்து. 12 முதல் 15 நேர்காணல்களில் ஒரு நல்ல இளமாணி ஆய்வு எழுதலாம்.

பழைய மாணவர் சங்கத்தின் வழியாக ஆட்களைத் தேடாதீர்கள். சங்கத்துக்கு வருபவர்கள் பாடசாலையால் நன்மை பெற்றவர்கள். தரம் 9 இல் விலகியவரும், தரம் 11 இல் வேறு பாடசாலைக்கு மாறியவரும் அங்கே இருக்கமாட்டார்கள். சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், பள்ளிவாசல், வேலைத்தலம் என்று வேறு வேறு வாசல்களால் போங்கள்.

ஆசிரியர்களிடம் "பாகுபாடு" என்ற சொல்லோடு தொடங்கினால் சட்டத்தரணிபோலப் பேசுவார்கள். "கடந்த வாணி விழாவுக்குப் பிரசாதம் செய்த பிள்ளைகளை எப்படித் தெரிவு செய்தீர்கள்?" என்று தொடங்குங்கள். பதிலில் "வசதியான பிள்ளைகள்", "கிட்ட இருக்கிற பிள்ளைகள்", "துப்புரவான பிள்ளைகள்" என்று வரும். "துப்புரவான" என்றால் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

8. வினாக்கொத்து: நிகழ்வை முதலில், காரணத்தைப் பிறகு

பிள்ளைகளுக்கான வினாக்கொத்தில் அவர்களுடைய சாதியைக் கேட்கக் கூடாது. இழிசொற்களைப் பட்டியலிட்டு "இவற்றில் எதைக் கேட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பதும் கூடாது. "தோட்டக்காட்டான்", "சோனி" போன்றவற்றை அறியாத பிள்ளைக்கும் நீங்கள் அச்சடித்துப் படிப்பித்தது போலாகிவிடும். "ஊர், சமயம், குடும்பம் பற்றி இழிவான சொல்லால் கூப்பிட்டார்களா?" என்பது போதும்.

முதற் பகுதி நிகழ்வு: கடந்த தவணையில், குழுவேலையில் உங்களைச் சேர்க்க மறுத்தார்களா? உங்களோடு சாப்பிட மறுத்தார்களா? மற்றவர் செய்த அதே பிழைக்கு உங்களுக்குக் கூடிய தண்டனை கிடைத்ததா? ஒருநாளும் இல்லை, ஒரு தடவை, சில தடவை, அடிக்கடி என்று நான்கு தெரிவுகள். இரண்டாம் பகுதி காரணம்: அப்படி நடந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்? ஊர், சமயம், பேச்சு வழக்கு, குடும்பத் தொழில், சாதி, தோல் நிறம், பணம், புள்ளி, தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்டதைத் தெரிவு செய்யலாம். காரணத்தை முதலில் கேட்டால் பிள்ளை நிகழ்வையே மறுத்துவிடும்.

"நீர், உமது" என்று எழுதினால் வினாக்கொத்து பரீட்சைத்தாள் போல ஆகிவிடும், பிள்ளை "சரியான விடை" தேடும். "நீங்கள்" என்றே எழுதுங்கள். ஆய்வுக்குத் தெரிவு செய்யாத ஒரு பாடசாலையில் 15 பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே பேனை நின்றது என்று பாருங்கள்.

தொகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 95 வீத நம்பிக்கை, 5 வீத வழு என்றால் 384 பேர் என்ற எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள். அது தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால் சரி. நாம் வகுப்பு வகுப்பாக எடுக்கிறோம், ஒரே வகுப்புப் பிள்ளைகளின் அனுபவம் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வகுப்புக்கு 25 பேர், ஒப்புமைக் குணகம் (இந்த ஒத்திருத்தலின் அளவு) 0.05 என்று வைத்தால் 1 + (24 × 0.05) = 2.2 மடங்கு பேர் வேண்டும். அதாவது 384 × 2.2, ஏறத்தாழ 845 பேர், 34 வகுப்புகள். இவ்வளவு முடியாவிட்டால் வீதங்களைப் பெரிதாகப் பேசாமல் நேர்காணல் ஆய்வாகச் செய்யுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

9. இப்போது வகுப்பறைக்குள்

ஒப்புதல் படிவத்தை வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும், அல்லது ஒரு குறிச்சிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் நீங்களே அவர்களைச் சுட்டிக் காட்டியதாகிவிடும். ஒட்டிய உறையில் கொடுத்து, ஒட்டிய உறையில் நீங்களே வாங்குங்கள், வகுப்பாசிரியர் கையால் வேண்டாம். பெற்றோர் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் பலர். பாதுகாவலர் கையெழுத்தும் செல்லும் என்று படிவத்திலேயே எழுதுங்கள், எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

குழுக் கலந்துரையாடல் என்றால் 6 முதல் 8 பேர், ஆண்களும் பெண்களும் தனித்தனியாக. குழுவில் சொந்த அனுபவத்தைக் கேட்காதீர்கள். அங்கே சொன்னது மறுநாள் வகுப்பறையில் இருக்கும். ஒரு சிறு சம்பவத்தை வாசியுங்கள்:

"தரம் 9 இல் புதிதாக ஒரு மாணவி வருகிறாள். பக்கத்து மேசைக்காரி 'நீ எவடம்?' என்று கேட்கிறாள். பதிலைக் கேட்டதும் பேச்சை விட்டுவிட்டு முன்பக்கம் திரும்பிவிடுகிறாள்."

ஏன் திரும்பினாள், அடுத்த நாள் என்ன நடக்கும், ரீச்சர் கண்டால் என்ன செய்வார்? பிள்ளைகள் அந்த இல்லாத மாணவியின் பேரில் எல்லாவற்றையும் சொல்லுவார்கள். புதியவளின் ஊரை நீங்கள் சொல்லவே கூடாது. அவர்கள் தாங்களாக எந்த ஊரை இட்டு நிரப்புகிறார்கள் என்பதுதான் நீங்கள் தேடி வந்தது.

தனிப் பேச்சு 30, 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மற்றவர் காணக்கூடிய, ஆனால் கேட்க முடியாத இடம்: நூலகத்தின் ஒரு மூலை, கதவு திறந்தபடி. மூடிய அறை பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் இல்லை. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தோற்றும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முந்திய தவணையில் தொடவேண்டாம்.

10. பேச்சை எழுதும்போது திருத்தாதீர்கள்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் எடுக்கும். அலுப்பில் பலர் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கிவிடுகிறார்கள். "அவை எங்கட ஆக்கள் இல்லைத்தானே" என்பதை "அவர்கள் எங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர்" என்று எழுதினால் சாதி போய்விட்டது. நமது ஊரில் "ஆக்கள்" என்ற சொல்லுக்குள்தான் சாதி ஒளிந்திருக்கிறது. "வேற ஆக்கள்", "நல்ல ஆக்கள்", "அந்தப் பக்கத்து ஆக்கள்" எல்லாம் அப்படியே வரவேண்டும். "தானே" என்ற ஒட்டும் முக்கியம், பேசுபவர் உங்களையும் தன் பக்கம் இழுக்கிறார். மௌனத்தையும் சிரிப்பையும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

எழுதிய பேச்சைப் பகுதி பகுதியாகக் குறியிடும்போது "சாதி" என்று ஒரே குறி போடாதீர்கள். சொன்னது, சுற்றிச் சொன்னது, சொல்லாமல் விட்டது என்று மூன்றாகப் பிரியுங்கள். நீங்கள் குறியிட்டதில் ஒரு பத்துப் பக்கத்தை இரண்டாவது ஒருவர் தனியாகக் குறியிட்டுப் பார்க்கட்டும். அவர் வேறு பின்னணியுள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது.

11. தற்செயலா, வறுமையா, பாகுபாடா?

எதிர்த்துக் கேட்பவர்கள் இந்த மூன்றையும்தான் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி.

ஒரு பிரிவில் 40 பேர், அவர்களில் 10 பேர் குறித்த ஒரு குறிச்சியிலிருந்து வருகிறார்கள். 8 மாணவர் தலைவர்கள், அந்தக் குறிச்சியிலிருந்து ஒருவரும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு குலுக்கி எடுத்தாலும் இப்படி நிகழ 7.6 வீத வாய்ப்பு உண்டு, அதாவது 13 தடவைக்கு ஒரு தடவை. ஒரு வருடத்தை வைத்து எழுதினால் அதிபர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த வருடமும் அதே எண்ணிக்கைகளோடு ஒருவரும் இல்லை என்றால் வாய்ப்பு ஏறத்தாழ 170 இல் ஒன்றாகிவிடும். ஆகவே மாணவர் தலைவர் பட்டியலை ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் ஐந்து வருடத்துக்கு எடுங்கள்.

வறுமையைப் பிரிக்க, அதே வருமான நிலையிலுள்ள வேறு பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். குடும்பம் அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) பெறுகிறதா, வீட்டில் படிக்க மேசை உண்டா, ரியூசனுக்குப் போகிறதா என்ற மூன்று கேள்வி போதும். அதே வறுமை, அதே புள்ளி, ஆனால் வேறு நடத்தை என்றால் உங்கள் கண்டுபிடிப்பு நிற்கும். அப்படி நிற்காவிட்டால் நிற்கவில்லை என்றே எழுத வேண்டும்.

12. பெயரை மறைத்தால் போதாது

யாழ்ப்பாணம் சின்ன இடம். "தென்மராட்சியில் ஒரு 1சி பாடசாலையில் தரம் 11 படிக்கும் முஸ்லிம் மாணவி" என்று எழுதினால் பெயர் எழுதியது போலத்தான். வலயம், பாடசாலை வகை, தரம், சமயம், பால் ஆகிய ஐந்தில் எந்த மேற்கோளிலும் இரண்டுக்கு மேல் வரக்கூடாது. அட்டவணையில் ஐந்துக்குக் குறைந்த எண் வரும் கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். கூட்டுத்தொகையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டியிருக்கும்.

அறிக்கை வெளியாகும் முன் அதிபருக்கு இரண்டு பக்கச் சுருக்கம் கொடுங்கள். குற்றப்பத்திரிகை போல வேண்டாம். சமய பாடவேளைக்கு ஆசிரியர் கேட்டு வலயத்துக்கு எழுதுவது, துப்புரவு முறையைப் பதிவிலக்கப்படி சுழற்றுவது, மாணவர் தலைவர் தெரிவின் அளவுகோலைச் சுவரில் ஒட்டுவது என்று அடுத்த தவணையே செய்யக்கூடிய மூன்றை எழுதுங்கள். பேசிய பிள்ளைகளுக்கும் அதே சுருக்கம் எளிய தமிழில் போக வேண்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பம் தானாக முறையிட விரும்பினால் வழியைச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பதிலாக நீங்கள் முறையிடாதீர்கள். சாதியின் பேரில் பாடசாலையில் அனுமதி மறுப்பது 1957 இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத கால எல்லை. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. இந்த ஒரு மாதக் கணக்குத் தெரியாமல்தான் பல குடும்பங்கள் பிந்திவிடுகின்றன. ஆகவே தகவல் படிவத்தின் பின்பக்கத்தில் இதை முதல் நாளே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

ஒலிப்பதிவுகளை எழுதிச் சரிபார்த்தவுடன் அழியுங்கள். திறவுப் பட்டியல் இருக்கும் கொப்பியை ஆய்வேடு ஏற்கப்பட்ட நாளன்று எரித்து, எரித்த திகதியை நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அறிவியுங்கள்.